பக்கத்தை ஆள்வோர்: ஈயவெழுத்திலிருந்து குறிமொழிவரை

நூலொன்றைக் கையிலெடுப்பவர் அதன் சொற்களைப் படிக்கிறார், பக்கத்தைப் படிப்பதில்லை. எழுத்துக்களைச் சூழ்ந்துள்ள வெற்றிடம் எவ்வளவு, வரி எந்த இடத்தில் முறிகிறது, தலைப்புக்கும் பந்திக்கும் இடையே எத்துணை இடைவெளி விடப்பட்டிருக்கிறது, படம் ஏன் மேலே நிற்கிறது, அடிக்குறிப்பு ஏன் கீழே இறங்குகிறது என்பனவற்றை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. நன்கு அமைந்த பக்கம் தன்னை மறைத்துக்கொள்ளும். ஆனால், அவ்வாறு மறையும்போது அதனை ஆக்கிய உழைப்பையும் அது மறைத்துவிடுகிறது. நம் இலக்கிய வரலாறுகளிலே புலவர் உளர், பதிப்பாசிரியர் உளர், பொருளுதவிய புரவலரும் உளர். அந்நூல்களை எழுத்தெழுத்தாகக் கோத்துப் பக்கமாக்கிய தொழிலாளரின் பெயர் எங்கேனும் உண்டா?

பக்கம் என்பது விதிகளால் ஆகியது. அவ்விதிகள் ஒரு காலத்தில் பனையோலையின் இயல்பில் இருந்தன. பின்னர் அச்சுத் தொழிலாளியின் விரல்களில் இருந்தன. இன்று கணினிக்குரிய கட்டளைகளில் இருக்கின்றன. விதிகள் இடம் மாறியபோதெல்லாம் அவற்றை ஆளும் உரிமையும் கைமாறியது. இவ்வரலாற்றைத் தமிழ்மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், இது நம் வகுப்பறை வரை வந்து நிற்கும் வரலாறு.

ஓலையும் ஈயமும்

ஓலைச்சுவடியில் பக்கத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது மரம். நீண்டு ஒடுங்கிய ஓலை நீண்ட வரியையே வேண்டிற்று. கயிறு கோக்கும் துளைக்கு இடம் விடவேண்டியிருந்தது. எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை பழுதுறும் என்பதனால் மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் புள்ளியின்றியே நின்றன. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, பந்தியும் இல்லை. படிப்பவர் முன்னமே ஓரளவு பாடம் அறிந்தவராயிருத்தல் வேண்டும். கல்வி சிலர்க்கே உரியதாயிருந்த சமூகத்தில் பக்கமும் சிலர்க்கே உரியதாயிருந்ததில் வியப்பில்லை.

தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூலாக நமக்குக் கிடைத்திருப்பது 1578இல் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல் அது. பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் அவரது துணைவரும் 1713இல் அச்சுக்கூடம் நடத்தத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தன. புதிய ஏற்பாட்டை அவ்வெழுத்தில் அச்சிட்டால் தாள் போதாது. ஆகவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. தமிழ்ப் பக்கத்தின் எழுத்தளவை முதன்முதல் தீர்மானித்தது அழகுணர்ச்சியன்று, தாளின் விலை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பொருளாதாரம் பக்கத்தின் உள்ளே இருந்தே வேலை செய்கிறது.

அச்சுக்கூடத்தை வைத்திருக்கும் உரிமையும் எளிதில் கிடைத்ததன்று. 1820இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனின் அச்சாளர் ஜேம்ஸ் கரற் என்பவரை இலங்கையில் தங்கவிட ஆங்கில அரசு மறுத்துவிட்டது. கிழக்கிந்தியக் கும்பனியின் ஆட்சிப் பகுதிகளிலே 1835ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே சுதேசிகள் தடையின்றி அச்சகம் நடத்த முடிந்தது. அதன் பின்னரே வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் எழுந்தது. பந்தி பிரித்தல், குறியீடுகள் இடுதல், சந்தியை வேண்டிய இடத்தில் பிரித்துக் காட்டுதல் ஆகியவற்றால் அவர் தமிழ் உரைநடைப் பக்கத்துக்கு ஒரு புதிய ஒழுங்கைத் தந்தார். ஓலையில் புலவர் மட்டுமே கண்ட வாக்கிய எல்லையை மாணவனும் கண்ணாற் காணும்படி செய்தது அவ்வொழுங்கு. எனவே, பக்க அமைப்பு கல்வியைப் பரவலாக்கும் ஒரு கருவியாகவும் இருந்தது என்க.

கிழக்கிலங்கை முஸ்லிம்களாகிய எமக்கு இன்னொரு மரபும் உண்டு. தமிழை அறபெழுத்தில் எழுதும் அறபுத் தமிழ் நூல்கள் பல கல்லச்சு முறையில் வெளிவந்தன. கல்லச்சில் தனித்தனி எழுத்தைக் கோக்க வேண்டியதில்லை. எழுதுவோன் பக்கம் முழுவதையும் தன் கையால் எழுதுவான். அஃது அப்படியே தாளில் பதியும். வலமிருந்து இடமாக ஓடும் வரியும் ஓரங்களில் ஏறும் குறிப்பும் அவனது கைத்திறனுக்கு உட்பட்டிருந்தன. மூத்தம்மாமார் ஓதிய ஏடுகள் இவ்வகையின. மறுபுறம், அறிஞர் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' தமிழ் எழுத்திலேயே தன் மக்களை அடைந்தது. 1885இல் அவரது 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது. எழுத்தையும் பக்கத்தையும் பற்றிய தெரிவு, எந்த உலகத்தோடு உரையாடப் போகிறோம் என்னும் தெரிவாகவும் இருந்தது.

கோப்பாளரின் கை

ஈயவெழுத்துக் காலத்தில் பக்கம் நிறையுள்ள ஒரு பொருள். அச்சுக்கோப்பாளர், எழுத்துப் பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, இடக்கையில் பிடித்த கோலில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் அடுக்குவார். ஆங்கிலத்துக்குப் போதுமான பெட்டி தமிழுக்குப் போதாது. உயிர்மெய்களுக்கெனப் பற்பல அறைகள் வேண்டியிருந்தன. 1935இல் 'குடி அரசு' இதழில் பெரியார் மேற்கொண்டதும் 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையாக ஏற்றதுமான எழுத்துச் சீர்திருத்தம் இவ்வறைகளைக் குறைக்கும் நோக்கத்தையும் கொண்டிருந்தது.

வாசகர் வெறுமை எனக் காணும் இடமெல்லாம் கோப்பாளருக்கு உலோகம். சொற்களுக்கிடையே இடைவெளிக்கட்டை, வரிகளுக்கிடையே ஈயத்தகடு, ஓரங்களில் மரக்கட்டை. வரியின் வலப்பக்கம் நேராக நிற்கவேண்டுமெனில் ஒவ்வொரு வரியிலும் இடைவெளிகளைக் கூட்டியும் குறைத்தும் இறுக்குதல் வேண்டும். எந்தச் சொல்லை முறித்தால் படிப்பவர் இடறமாட்டார், பந்தியின் கடைசி வரி அடுத்த பக்கத்தின் உச்சியில் தனித்துப் போய் நில்லாதிருக்க முந்திய பக்கத்தில் என்ன செய்யவேண்டும் என்பன அவர் அனுபவத்தால் அறிந்தவை. கலியாணக் கடிதத்திலிருந்து தேர்தல் துண்டுப்பிரசுரம் வரை நாட்டின் சிறு அச்சகங்களில் உருவான ஒவ்வொரு தாளிலும் இவ்வறிவு இருந்தது. அது நூலில் எழுதப்படாத அறிவு. ஈயத்தூசியைச் சுவாசித்த உடலோடு சேர்ந்து வாழ்ந்து, அவ்வுடலோடு சேர்ந்து மறைந்த அறிவு.

கணிதம்தான் அவருக்குப் பெருஞ்சோதனை. பின்னத்தின் மேல் பின்னம், வர்க்கமூலத்தின் கூரை, தொகையீட்டுக் குறியின் மேலும் கீழும் ஏறி இறங்கும் சிற்றெழுத்து ஆகியன ஒரே வரியில் அடங்கா. இத்தகைய வேலையை ஆங்கில அச்சுத் தொழிலில் 'தண்டப் பிரதி' என்னும் பொருள்படும் சொல்லாலேயே அழைத்தனர். அதற்குக் கூலி அதிகம். அச்சுக் கூலி அதிகமான இடத்தில் ஏழை மொழிகளுக்குக் கணித நூல் அரிதாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

இயந்திரம் மாறிய பத்தாண்டுகள்

1886இல் லைனோடைப் இயந்திரம் நியூயோர்க்கில் முதன்முதல் ஓடியது. ஒரு முழு வரியை ஒரே ஈயத்துண்டாக அது வார்த்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அதன் ஆட்சி நீடித்தது. 1978 ஜூலையில் 'நியூயோர்க் டைம்ஸ்' நாளிதழ் தன் கடைசி ஈயப் பக்கத்தைக் கோத்தது. 1986இல் லண்டனில் ஒரு பெரும் பத்திரிகை நிறுவனம் வொப்பிங் என்னுமிடத்தில் கணினிமயமான புதிய அச்சகத்தை அமைத்தபோது, வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 6,000 தொழிலாளர் பணிநீக்கப்பட்டனர். அச்சுக்கோப்பாளரின் அறிவு இயந்திரத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது. அறிவைத் தந்தவர் வெளியே நிறுத்தப்பட்டார்.

இவ்விடத்தில் வரலாறு இரு பாதைகளாகப் பிரிகிறது.

ஒரு பாதை, திரையில் காண்பதை அப்படியே தாளில் பெறுவது. 1985இல் 'பேஜ்மேக்கர்' என்னும் மென்பொருள் சந்தைக்கு வந்தது. மேசையில் அமர்ந்தபடியே பக்கத்தை ஆக்கும் வசதி பலருக்குக் கிட்டியது. அதன் நன்மையை மறுப்பது நேர்மையன்று. ஆயினும், அம்மென்பொருளுக்குள் இருந்த விதிகள் நிறுவனத்தின் தனியுடைமை. விலை கொடுத்தவர் பயன்படுத்தலாம். திறந்து பார்க்கவோ திருத்தவோ இயலாது.

மற்றப் பாதை, பக்கத்துக்கான கட்டளைகளைச் சாதாரண எழுத்திலேயே எழுதுவது. இதன் வேர் கணினியிலும் பழமையானது. முன்னாளில் பதிப்பாசிரியர் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் 'இதனைத் தடித்த எழுத்தில் கோக்க', 'இங்கே ஒரு வரி விடுக' என்று கோப்பாளருக்குக் குறிப்பெழுதுவார். அக்குறிப்புக்களையே கணினி விளங்கிக்கொள்ளும் கட்டளைகளாக்கினால் அது குறிமொழி. 1964இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழினுட்ப நிலையத்தில் ஜெரோம் சால்ற்சர் எழுதிய 'ரன்-ஓஃப்' என்னும் செயல்நிரல் இதன் தொடக்கங்களில் ஒன்று.

இப்பாதையை நெடுஞ்சாலையாக்கியவர் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத். கணினிச் செயல்நிரலாக்கம் பற்றிய அவரது பெருநூலின் முதல் தொகுதி 1968இல் ஈயவெழுத்தில் அழகாக வெளிவந்திருந்தது. 1977இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகள் ஒளியச்சு முறையில் வந்தபோது அவற்றின் தரக்குறைவைக் கண்டு அவர் மனம் நொந்தார். தொழிலாளியின் கையை நீக்கிய புதிய முறை, அந்தக் கையின் நுண்மையையும் நீக்கிவிட்டிருந்தது. தாமே ஒரு செயல்நிரல் எழுதுவதென அவர் முடிவு செய்தார். 'டெக்' என்று அதற்குப் பெயரிட்டார். கலை, கைத்தொழில் ஆகிய இரண்டையும் ஒருங்கே குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வேர் அது.

பழைய கோப்பாளர்களின் வேலையைக் கற்று, அதனை விதிகளாக எழுதியதே குனூத்தின் சாதனை. டெக்கின் பார்வையில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. அதற்கு அகலம், உயரம், அடியாழம் ஆகிய மூன்று அளவுகள். எழுத்துப் பெட்டிகள் சேர்ந்து வரிப் பெட்டி. வரிப் பெட்டிகள் அடுக்கப்பட்டுப் பக்கம் என்னும் பெரும்பெட்டி. பெட்டிகளுக்கிடையே உள்ள இடைவெளியை அவர் 'பசை' என்றார். ஒவ்வொரு பசைக்கும் ஓர் இயல்பளவும், எவ்வளவு நீளலாம், எவ்வளவு சுருங்கலாம் என்னும் எல்லைகளும் உண்டு. கோப்பாளரின் இடைவெளிக்கட்டை இங்கே கணிதமாயிற்று.

வரியை முறிக்கும்போது டெக் அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்பதில்லை. பந்தி முழுவதையும் பார்த்து, எல்லா வரிகளின் குறைகளையும் கூட்டி, மொத்தக்குறை மிகக் குறைந்த அமைப்பைத் தெரிகிறது. குனூத்தும் மைக்கேல் பிளாஸ் என்பவரும் 1981இல் இம்முறையை விரிவாக விளக்கினர். தேர்ந்த கோப்பாளர் இறுதி வரி பொருந்தாவிடின் முதல் வரிக்குத் திரும்பிச் சென்று இடைவெளியைத் திருத்துவார். அதையே இயந்திரமும் செய்கிறது.

பக்கத்தை முறிப்பதற்குத் 'தண்டம்' என்னும் அளவு உண்டு. பந்தியின் ஒற்றை வரி பக்க உச்சியில் தனித்து நிற்குமாயின் அதற்கு இயல்பாக 150 தண்டம். அதனை 10,000 ஆக்கினால் அத்தகைய முறிவு முற்றாகத் தடுக்கப்படும்; எதிர்த்திசையில் 10,000 என்றால் அவ்விடத்தில் பக்கம் முறிந்தே தீரும். ஆனால், தடையை விதித்தவர் அதற்குரிய விலையையும் கொடுத்தாக வேண்டும்: ஒரு பக்கம் ஒரு வரி குறைந்து நிற்கும், அல்லது வரிகளுக்கிடையே வெளி விரியும். பக்கம் என்பது முரண்பட்ட தேவைகளுக்கிடையே காணப்படும் ஓர் இணக்கம் என்பதைக் குறிமொழி கற்கும் மாணவன் முதல் வாரத்திலேயே உணர்ந்துகொள்கிறான். பந்தியை முழுமையாகப் பார்க்கும் டெக், நூலின் எல்லாப் பக்கங்களையும் ஒருங்கே பார்ப்பதில்லை. ஒவ்வொரு பக்கமாகவே முடிவெடுக்கிறது. 1970களின் கணினிகளில் நினைவிடம் குறைவு என்பதே காரணம். எந்தக் கருவியும் தான் பிறந்த காலத்தின் தழும்பைச் சுமக்கிறது.

1980களின் முற்பகுதியில் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் டெக்கின் மேல் 'லேடெக்' என்னும் கட்டளைத் தொகுதியை அமைத்தார். எழுதுபவர் 'இது தலைப்பு', 'இது தேற்றம்', 'இது அடிக்குறிப்பு' என்று பொருளை மட்டும் சொன்னாற் போதும். எத்தனை அளவில், எந்த இடைவெளியில் என்பதை வகுப்புக்கோப்பு எனப்படும் தனிக்கோப்பு தீர்மானிக்கும். படங்கள் மிதவைகளாகக் கருதப்படும். ஒரு பக்கத்தின் உச்சியில் இரண்டுக்கு மேற்பட்ட படங்கள் கூடா; அவை பக்கத்தின் எழுபது வீதத்தை மீறக்கூடா; பக்கத்தில் இருபது வீதமேனும் எழுத்து இருத்தல் வேண்டும் என்பன அதன் இயல்பான விதிகளுட் சில. இவற்றை அறியாத மாணவன், தன் படம் எங்கோ ஓடிவிட்டதென்று கணினியோடு மல்லுக்கட்டுகிறான். அறிந்தவன் அந்த எண்களை மாற்றிவிட்டு மேலே எழுதுகிறான்.

அனைத்தினும் முக்கியமானது உடைமை பற்றிய செய்தி. குனூத் டெக்கை விற்கவில்லை. அதன் மூலநிரலை உலகுக்கு வெளிப்படையாக்கினார். எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம். மாற்றி அமைப்பவர் வேறு பெயர் சூட்டவேண்டும் என்பதே நிபந்தனை. பிழை கண்டுபிடித்தவருக்குத் தம் கைக்காசிலிருந்து காசோலை அனுப்பினார். அதன் பதிப்பெண் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் வட்ட மாறிலியாகிய பையின் பெறுமானத்தை ஓரிலக்கம் நெருங்கும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 3.141592653 ஆயிற்று. கோப்பாளரின் எழுதப்படாத அறிவு எழுதப்பட்டுப் பொதுவுடைமையான நிகழ்ச்சி இது. இயந்திரம் ஒன்றே, ஓரிடத்தில் அது தொழிலாளியின் அறிவைப் பூட்டி வைத்தது, இன்னோரிடத்தில் அதனை எல்லோருக்கும் திறந்து வைத்தது. வேறுபாடு இயந்திரத்தில் இல்லை. அதனைச் சூழ்ந்த உறவுகளிலேயே உள்ளது.

தமிழுக்கு நேர்ந்தது

திறந்த கதவின் வழியே தமிழ் உடனே நுழைந்துவிடவில்லை. டெக்கின் இயல்பான விதிகள் ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டவை. லேடெக்கின் அடிப்படை வகுப்புக்கள் எதுவும் சொல்லாவிடின் அமெரிக்கத் தாளளவையே எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டில் வழங்குவதோ ஏ-நான்கு தாள். வரியின் அகலமும் ஆங்கில எழுத்துக்களின் எண்ணிக்கையைக் கருதியே வகுக்கப்பட்டது. தமிழ் எழுத்து அகன்றது. சொற்கள் விகுதியும் வேற்றுமையும் ஏற்று நீள்வன. எனவே, ஒரு வரியில் சொற்கள் குறைவு. சொற்கள் குறைந்தால் இடைவெளிகளும் குறைவு. இரண்டு மூன்று இடைவெளிகளே வரியின் முழு நீட்டத்தையும் தாங்கவேண்டியிருப்பதால் பக்கத்தின் நடுவே வெள்ளைப் பிளவுகள் தோன்றுகின்றன. கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடிய வெளியும் வேண்டும்.

இதற்கு மருந்து சொல்லை முறிப்பது. பழைய தமிழ் அச்சகங்கள் இணைகோடு இடாமலே சொல்லை முறித்துவந்தன. புள்ளி பெற்ற மெய்யெழுத்தில் புதிய வரி தொடங்கக்கூடாது என்பது அதன் அடிப்படை: 'அச்', 'சுக்', 'கோப்', 'பா', 'ளர்' என முறிக்கலாம், 'அ' என்பதை விட்டுச் 'ச்சு' என்று அடுத்த வரியைத் தொடங்கலாகாது. ஆங்கிலத்தில் எங்கே முறிப்பது என்பதைச் சொல்ல ஃபிராங் லியாங் என்னும் ஆய்வாளர் 1983இல் முடித்த ஆய்விலிருந்து 4,400க்கு மேற்பட்ட வடிவுகள் தேவைப்பட்டன. அசையொழுங்கு தெளிவாயுள்ள தமிழுக்குச் சிறு பட்டியல் ஒன்றே போதும். கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றுக்கு அத்தகைய பட்டியல்களை ஆக்கிப் பொதுவில் வைத்தார். அயல்மொழித் தோழர் ஒருவரின் உழைப்பால் தமிழ் வரி செம்மையுற்றது என்பதை நன்றியோடு குறிப்பிடவேண்டும்.

எழுத்துருவின் கதை இன்னும் நீண்டது. 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ரிஜ்வே ஆக்கிய தமிழெழுத்துத் தொகுதி டெக்குக்குக் கிடைத்தது; ஆனால், தமிழை உரோம எழுத்தில் தட்டவேண்டியிருந்தது. அதே காலத்தில் மேசைப் பதிப்பில் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை. இலங்கையில் பாமினி பரவியது. தமிழ்நாட்டில் வேறு பல. ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தோன்றின. 1991இல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட 'சீடெக்' ஒருங்குறித் தமிழை நேராக ஏற்றது. 'கெ', 'கை' என்பவற்றில் கொம்பைச் சரியான இடத்தில் வைக்கும் ஆற்றல், 2020 முதல் லூவாடெக்கின் பொதுவழங்கலிலும் சேர்ந்தது. அதாவது, தமிழில் தட்டி, தமிழ்ப் பக்கத்தை முழுமையாகக் கட்டளையிட்டு ஆளும் கருவி இன்று இலவசமாகவே நம் முன் இருக்கிறது.

ஆயினும், ஒரு கசப்பான முரண்பாட்டைச் சுட்டாமல் விடமுடியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளிவரும் விஞ்ஞான ஆய்விதழ்களில் பெருந்தொகையானவை சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள நிலையங்களில் பக்கமாக்கப்படுகின்றன. அங்கே அமர்ந்து குறிமொழியில் சமன்பாடுகளைச் செம்மை செய்வோருள் தமிழ் இளைஞர் ஏராளம். அந்நிய ஆங்கிலப் பக்கம் தமிழ்க் கைகளால் நுண்மை பெறுகிறது. தமிழ் மாணவனின் கணித வினாத்தாளோ அந்நுண்மையைக் காணாது கிடக்கிறது. நம்மிடம் திறமை இல்லை என்று இனியும் எவர் சொல்லக்கூடும்? திறமை இருக்கிறது, அது எவர்க்காக உழைக்கிறது என்பதே வினா.

நம் கரையில்

பொத்துவில் போன்ற ஊரிலிருந்து நோக்கும்போது இவ்வினா கூர்மை பெறுகிறது. கிழக்கின் புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. கல்முனையின் அச்சகங்களும் நமக்குத் தொலைவு. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும் தாய்மொழிப் போதனையும் 1980 முதல் இலவசமாக வழங்கப்படும் பாடநூல்களும் உழவன் பிள்ளையையும் மீனவன் பிள்ளையையும் உயர்தர வகுப்பின் கணிதம் வரை கொண்டுவந்திருக்கின்றன. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் தமிழில் விஞ்ஞானத்தைச் சொல்வதற்கான சொற்களைத் தந்தன. சொல் கிடைத்தது; அச்சொல்லையும் சமன்பாட்டையும் ஒரே பக்கத்தில் ஒழுங்காக நிறுத்தும் வகையை நாம் இன்னும் நமதாக்கிக்கொள்ளவில்லை.

றோனியோ இயந்திரக் காலத்தில் ஆசிரியர் மெழுகுத்தாளில் எழுத்தாணிபோன்ற பேனையால் வர்க்கமூலத்தை வரைந்தார். கணினி வந்த பின்னரும் பல பாடசாலைகளில் தவணைப் பரீட்சை வினாத்தாளின் சொற்களைத் தட்டிவிட்டு, பின்னத்துக்கு இடம் விட்டுக் கையால் எழுதும் வழக்கம் நீடித்தது. ஒருவர் தட்டிய தாள் மற்றவரின் கணினியில் எழுத்துருவின்றிச் சிதைந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஆசிரியரும் அதே வினாக்களைப் புதிதாகத் தட்டினர். வினாத்தாளில் குறியீடு தெளிவில்லையெனில் நட்டம் மாணவனுக்கே. அடுக்குக்குறி வரியோடு வரியாக இறங்கி நின்றால் இருபடி எண் இரண்டாற் பெருக்கிய எண்ணாகிவிடும். பக்க அமைப்பு அலங்காரம் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சாதாரண எழுத்துக்கோப்பாக இருக்கும் குறிமொழி இந்நிலையை மாற்றவல்லது. எந்தக் கணினியிலும் அது திறக்கும். பத்தாண்டு கழித்தும் படிக்கலாம். ஒருவர் எழுதிய வினாவை இன்னொருவர் எடுத்துத் திருத்தலாம். 2004 திசம்பர் 26இல் கடல் எழுந்தபோது நம் கரையோர ஊர்கள் எத்தனையோ ஏடுகளை இழந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது அழியும். பல கைகளில் பரவியிருப்பது பிழைக்கும்.

இது கடினமானதன்றோ, கட்டளைகள் ஆங்கிலத்தில் உள்ளனவே, வழக்கமான மென்பொருள் போதாதா என்று சிலர் கேட்கலாம். ஒரு பக்க அறிவித்தலுக்கு வழக்கமான மென்பொருளே போதும், அதில் ஐயமில்லை. ஆனால், ஐம்பது சமன்பாடுகள் கொண்ட கையேட்டையும் ஆண்டுதோறும் திருத்தவேண்டிய வினாத்தொகுதியையும் அவ்வழியில் ஆள்வது வீண் உழைப்பு. கட்டளைகளைப் பொறுத்தவரை, தமிழில் புதிய பெயர்களை வகுத்துக்கொள்ளவும் சீடெக் முதலியவற்றில் வழியுண்டு. கடினம் என்பது உண்மையே. நாவலர் காலத்துக் கோப்பாளருக்கு எழுத்துப் பெட்டியைக் கற்பதும் எளிதாயிருந்ததில்லை.

செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, தமிழ்மொழிப் பாடசாலைகளின் வினாத்தாளுக்கும் கையேட்டுக்கும் ஏற்ற ஒரு பொது வகுப்புக்கோப்பு. ஏ-நான்கு தாள், தமிழுக்கேற்ற வரியிடைவெளி, சரியான சொல்முறிவு, வினா இலக்க ஒழுங்கு ஆகியன அதில் அமைதல் வேண்டும். இரண்டாவது, 1990களின் நடுப்பகுதியில் ஒலுவிலில் நம் கண்முன்னே எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவரும் பொறியியல், விஞ்ஞான மாணவரும் இதில் ஒன்றுகூடுதல். முறிவு விதியை மொழி மாணவர் சொல்லட்டும். அதனை நிரலாக மற்றவர் எழுதட்டும். மூன்றாவது, ஆக்கியதைத் தனியார் பொருளாக்காமல், குனூத்தும் தோட்டிங்கலும் செய்ததுபோல் எவரும் எடுத்தாளும் பொதுப்பொருளாக வைத்தல். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஆசிரியர் சிலரின் விடுமுறை நாட்களும் மாணவர் சிலரின் ஆர்வமும் போதும்.

ஓலை நமக்கு இயற்கை தந்தது. ஈயவெழுத்து அந்நியர் கப்பலில் வந்தது. அதனை நமதாக்க நூற்றாண்டுகள் சென்றன. குறிமொழியோ, வாங்குவோர் விற்போர் என்ற பேதமின்றி எல்லோர் முன்னும் ஒரே நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இம்முறையும் பக்கத்தின் விதிகளைப் பிறர் எழுதட்டும், நாம் நிரப்புவோம் என்று காத்திருப்போமாயின், அதற்கான பழியை ஏகாதிபத்தியத்தின்மீது மட்டும் சுமத்த இயலாது. பெயரின்றி மறைந்த அச்சுக்கோப்பாளர் தலைமுறைக்கு நாம் பட்ட கடன், அவர்தம் கையறிவைத் தமிழ் மாணவனின் பக்கத்தில் மீண்டும் தெளிவாக நிற்கச் செய்வதுதான். வரும் தவணை வினாத்தாளிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.